பதினாறு நாள் தண்ணி

எங்க தெருவுல செத்தவங்க திரும்பி வந்தது ஒரு ஐப்பசி மாசத்துச் செவ்வாக்கிழமை, காலையில குழாயில தண்ணி வந்துக்கிட்டிருந்த நேரம், அதனால முதல்ல யாரும் அதைப் பெருசா எடுத்துக்கிடலை. பத்து நாளைக்கு ஒருக்க வார தண்ணி, ஒரு மணி நேரந்தான் வரும், அந்த ஒரு மணி நேரத்துல செத்தவன் வந்தா என்ன, கலெக்டரே வந்தா என்ன, குடம் நெறைஞ்சிட்டா, டிரம் நெறைஞ்சிட்டான்னு பாக்கதுதான் எங்களுக்குப் பெருசு. தண்ணி நின்னப்புறம்தான் முந்தானையில கையைத் துடைச்சிக்கிட்டு எல்லாரும் ஆவுடைத்தங்கம் வீட்டு வாசல்ல போய் நின்னோம்.

நான் முப்பிடாதி. மஞ்சணத்திகுளம் பேரூராட்சியில கொசுப்புழு ஒழிக்கிற வேலை எனக்கு, தினக்கூலி. டார்ச் லைட்டு, டீ வடிகட்டி, மருந்துப் பாட்டில், ஒரு பேனா, இவ்வளவுதான் என் ஆயுதம். மேலத்தெருவுல அறுபத்திநாலு வீடு, அதுல ஒரு வீடு என் வீடு. அறுபத்திநாலு வீட்டுலயும் அடுப்படி வரைக்கும் போயி, டிரம்முக்குள்ள தலையை விட்டு, தொட்டிக்குள்ள லைட்டை அடிச்சு, புழு நெளிஞ்சா மூஞ்சியில அடிச்சாப்புல திட்டிட்டு, தண்ணியைக் கீழ கொட்டிட்டு, கதவுக்குப் பின்னால ஒட்டியிருக்க அட்டையில 'புழு இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வருவேன். கொசுக்காரி வாரான்னு பிள்ளைய ஓடும். பொம்பளைய பல்லைக் கடிப்பாவ. பத்து நாள் தண்ணியைக் கொட்டுனா யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கே எரியும்.

ஆவுடைத்தங்கத்துக்கு முப்பது வயசு இருக்கும், பீடி சுத்துதவ. அவ வீட்டுக்காரர் சுடலையாண்டி கொத்தனாரு, நல்ல மனுசன், காய்ச்சல்ல விழுந்து ஆறாம் நாளே போயிட்டாரு. எங்க பக்கத்து வழக்கப்படி அவரு தலைமாடு இருந்த இடத்துல விளக்கைப் பொருத்தி, பக்கத்துல ஒரு சில்வர்ச் செம்புல தண்ணி வச்சாவ. செத்தவங்க பதினாறு நாளும் வீட்டைச் சுத்தி வருவாவ, தாகத்துக்குத் தண்ணி வேணும்லா. தினமும் அந்தத் தண்ணியைச் செடியில ஊத்திட்டு வேற தண்ணி வைக்கணும். ஆனா ஆவடையும் காய்ச்சல்ல சுருண்டு கிடந்தா, மாத்த ஆளில்லை. செம்பு ஒம்பது நாள் அப்படியே இருந்துச்சு.

செம்பு வச்ச ஏழாம் நாள் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். செம்புக்குள்ள லைட்டை அடிச்சேன். தலைகீழாத் தொங்கிக்கிட்டு இருபது புழு. கையை நீட்டுனேன், கிடந்த இடத்துலருந்தே ஆவடை என் சேலையைப் பிடிச்சா.

"எக்கா, அது அவிய தண்ணி. பதினாறு முடியட்டும்க்கா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

நான் என்ன செய்ய? கவர்மெண்டு சட்டம் குடத்துக்கு இருக்கு, தொட்டிக்கு இருக்கு, டயருக்கு இருக்கு, தேங்காய்ச் சிரட்டைக்குக்கூட இருக்கு, செத்தவன் தண்ணிக்கு எந்தச் சட்டத்தை எடுத்து நீட்ட? அட்டையில 'புழு இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதை நான் மறைக்க மாட்டேன், கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்.

செவ்வாக்கிழமை காலையில செம்புலருந்து கொசு எழும்புச்சு. ஆவடை காதோரமா வந்து, மெல்லிசா, அவ வீட்டுக்காரர் குரல்ல கேட்டுச்சாம், "ஆவடை, தண்ணி வருது, மோட்டாரைப் போட்டியாளா?" இவ எந்திரிச்சுப் போயி மோட்டாரைப் போட்டுட்டுத்தான் அழ ஆரம்பிச்சிருக்கா.

நாங்க போனப்போ நானும் கேட்டேன். அது சுடலையாண்டிதான், சந்தேகமே இல்லை, அந்த மூக்கடைச்ச பேச்சு வேற யாருக்கு வரும்? இருபது கொசுவும் ஒரே ஆளு. சுவத்துல உக்காந்திருக்கது பேச்சை ஆரம்பிக்கும், கயித்துல உக்காந்திருக்கது முடிக்கும். அந்தச் சாந்துச் சட்டியைக் கழுவி வச்சியா, மேல வீட்டுக்காரன் செவுத்துக்கு ஈரம் அடிக்கானா, இப்படி வீட்டுப் பேச்சுதான். ஆவடை மட்டும், "எங்கய்யா போனிய, எங்க இருக்கிய?"ன்னு கேட்டா.

"தண்ணிக்குள்ள இருந்தேன்"ன்னுச்சு ஒண்ணு.

"பசிக்கி"ன்னுச்சு இன்னொண்ணு.

அவ சோறு வச்சா, கருப்பட்டித் தண்ணி வச்சா, எதுலயும் உக்காரலை. அவ கையில வந்து உக்காந்துச்சு. ஆவடை கையை அசைக்காம நீட்டிக்கிட்டே இருந்தா, குடிச்சிட்டுப் போகட்டும்னு. வாசல்ல நின்ன பொம்பளையளுக்குக் கண்ணு கலங்கிட்டு. கெட்டிக்கார மனுசன், பொண்டாட்டியைத் தேடி வந்துட்டாரு பாத்தியான்னு பேசிக்கிட்டே வீட்டுக்குப் போனோம்.

அடுத்து காய்ச்சல்ல செத்த மூணு வீட்டுலயும் செம்புத் தண்ணியை யாரும் மாத்தலை. யாரும் யார்கிட்டயும் சொல்லிக்கிடவும் இல்லை. ஒம்பதாம் நாள் ஒவ்வொரு வீட்டுலயும் பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. பதினாறு முடிஞ்சும் செம்பை எடுக்கலை, வத்த வத்த ஊத்துனாவ. தெரு அதுக்குத் தக்கனயா மாறிக்கிட்டு. கொசுவத்திச் சுருளை நிப்பாட்டுனாவ. வலையைச் சுருட்டிப் பரண்ல போட்டாவ. கொசுவைக் கண்டா ஓங்குன கையைப் பாதியில இறக்குனாவ, யாரு வீட்டு ஆளோ, எவரு மாமனாரோ. விருந்தாடி வந்தா வாசல்லயே சொல்லி அனுப்புவாவ, "பாத்து இருங்க, எங்க மாமா இங்கனதான் இருப்பாரு, கால்லதான் உக்காருவாரு." முப்பிடாதி அம்மன் கோயில் கொடையில கும்மி அடிச்சப்போ ஒருத்தி கையும் இன்னொரு கையில படலை, எல்லாக் கையும் ஒரு விரக்கடை இடைவெளியில நின்னு நின்னு திரும்புச்சு, பாட்டு மட்டும் கேட்டுச்சு.

செத்தவங்களை வச்சு வேலையும் நடந்துச்சு, அதையும் சொல்லணும். கல்யாணம் பேச வந்தவங்க பொண்ணோட செத்துப்போன அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டாவ, அவரு அரைப் பேச்சைச் சன்னல்லயும் மீதியை மாப்பிள்ளை மூக்குமேலயும் உக்காந்து சொன்னாரு. அதுவும் காய்ச்சல்ல போனவங்கதான் பேசுனாவ. சண்முகவடிவோட அம்மை நெஞ்சுவலியில போனவ. இவளும் செம்பு வச்சா, புழுவும் வந்துச்சு, கொசுவும் வந்துச்சு, ஆனா வெறும் ரீங்காரந்தான். "எங்க அம்மைக்கு எம்மேல என்ன கோவம்?"னு தெரு முழுக்கக் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சா. பெறகு வாசப்படியில கால் ரெண்டையும் நீட்டிக்கிட்டு, சேலையை முட்டு வரைக்கும் ஏத்தி, "யாராவது வாங்க, வந்து குடிங்க, ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க"ன்னு உக்காந்திருந்தா. பத்து நாள்ல அவளும் காய்ச்சல்ல போயிட்டா. ஒம்பதாம் நாள் அவ மகன் வீட்டுல குரல் கேட்டுச்சு.

காய்ச்சலும் குரலும் ஒண்ணாத்தான் பெருகுச்சு. பள்ளிக்கூடத்தைப் பூட்டுனாவ. பெரிய ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு ரெண்டு பேரு, கால்மாடு ஒருத்தர் தலைமாடு ஒருத்தர், கட்டிலுக்கு அடியில ஒருத்தர். நிலவேம்புக் கசாயம் வாங்க எங்க தெரு ஆளுகளும் வரிசையில நின்னாவ, இடது கையில டம்ளரு, வலது கையில யாரோ குடிச்சிக்கிட்டிருப்பாவ. ரெத்தத்துல தட்டணு இருபதாயிரம், பதினெட்டாயிரம்னு பரீட்சை மார்க்கு கணக்கா பேசுனாவ. பேப்பர்ல 'மர்மக் காய்ச்சல்'னு போட்டிருந்தான். என்ன மர்மம்? எங்களுக்கு ஒவ்வொண்ணும் பேரு சொல்லித் தெரியும்.

சுகாதார ஆய்வாளர் ஜெபராஜ் சாரு புகை மிஷினோட வந்தாரு. தெருமுனையில பொம்பளைய குறுக்க நின்னாவ, முன்னால ஆவடை.

"உள்ள எங்க வீட்டுக்காரரு இருக்காரு சார். புகை போட விடமாட்டோம்."

"ஏம்மா, கடிக்கது பொம்பளைக் கொசுதான்மா. ஆம்பளைக் கொசு கடிக்கவே கடிக்காது. ஒன் வீட்டுக்காரரு எப்படி அதுல இருப்பாரு?"

"செத்தப்புறம் ஆம்பளை என்ன, பொம்பளை என்ன சார்?"

நியாயமான கேள்விதான. சாரு மிஷினை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு என்னைப் பாத்தாரு. "முப்பிடாதி, நீ இந்தத் தெருக்காரி. ஒன் அட்டையில எல்லா வீட்டுலயும் புழு இல்லைன்னு இருக்கு. அறுபத்திநாலு வீட்டுல நாப்பது வீட்டுல காய்ச்சல். எப்படிம்மா?"

"செம்பு கணக்குல வராது சார்"ன்னேன். வாய்க் கொழுப்பு. அதுக்கு ஒரு வாரம் கழிச்சு என் மூத்தவ ரேகாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு.

எனக்கு ரெண்டும் பொண்ணு. ரேகாவுக்குப் பதினொண்ணு, அபிக்கு நாலு. எங்க வீட்டுக்காரரு கொம்பையா பாலக்காட்டுப் பக்கம் வார்ப்பு வேலைக்குப் போறவரு, நான் காலையில கிளம்பிருவேன், அபியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூக்கித் திரிஞ்சு வளத்தது ரேகாதான். அபிக்கு அம்மான்னா ரேகா, நான் ரெண்டாவதுதான்.

நாலு நாள் அனலாக் கொதிச்சுது. அஞ்சாம் நாள் காலையில காய்ச்சல் விட்டு நெத்தி குளுந்துச்சு. எம்பிள்ளை பிழைச்சிட்டான்னு அம்மனுக்குச் சூடம் கொளுத்துனேன், ரசம் வைக்கப் போனேன். காய்ச்சல் விடுத நேரத்துலதான் ஆபத்து, அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு அறுபத்திநாலு வீட்டுலயும் நோட்டீஸ் குடுத்தவ நான். என் கையால குடுத்த நோட்டீசு என் மண்டையில ஏறலை. சாயங்காலத்துக்குள்ள கையும் காலும் சில்லிட்டு, பல்லுல ரெத்தம் கசிஞ்சு, ஆட்டோவுலயே போயிட்டா. நான் போட்ட கையெழுத்துதான் எம்மகளைக் கொன்னுச்சு. வேற யாரையும் நான் கை காட்ட மாட்டேன்.

கொம்பையா வந்தாரு, அடக்கம் முடிஞ்சு பால் தெளிச்சுட்டுப் பதினாறுக்கு வாரேன்னு போனாரு. விளக்கு பொருத்துன இடத்துல செம்பு வச்சேன். தண்ணியை மாத்தலை.

தெரியாம செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். நாலு வருசமா ஆயிரக்கணக்குல கொட்டுன புழுவை நானே காவலிருந்து வளத்தேன். என் டார்ச் லைட்டை வச்சே தினமும் பாத்தேன். செம்பு ஓரத்துல கரும்பொட்டு கணக்கா முட்டை. நாலாம் நாள் நூல் கணக்கா நெளிவு. ஆறாம் நாள் நல்ல வளத்தி. எட்டாம் நாள் உருண்டு திரண்டு கூட்டுப்புழுவாகி, இன்னைக்கோ நாளைக்கோன்னு மெதந்துச்சு. வயித்துல இருந்தப்போகூட நான் இவ்வளவு கவனமா அவளைப் பாத்துக்கிடலை.

ஒம்பதாம் நாள் காலையில, "எம்மா, என் பச்சை ரிப்பனை எங்க?"ன்னு கேட்டா.

மரப்பெட்டியில இருக்குன்னு சொன்னேன். நிதானமாத்தான் சொன்னேன். பெறகு தரையில கிடந்து புரண்டு புரண்டு அழுதேன். அவ என்னைச் சுத்திச் சுத்திப் பேசுனா, ஒரு வார்த்தை சன்னல்ல, ஒரு வார்த்தை தொட்டில் கயித்துல, ஒரு வார்த்தை என் காதோரம். பதினேழு கொசு. எண்ணிட்டேன், என் தொழிலுல்லா. "பசிக்கிம்மா"ன்னா. குடி மக்கான்னு கையை நீட்டுனேன். கடிச்ச இடத்தைச் சொறியக்கூட மனசில்லை. நாலு நாளா நான் வேலைக்குப் போகலை, தலை சீவலை, சிரிச்சிக்கிட்டே இருந்தேன். அபியும் சிரிச்சா. அக்கா குரல் வார பக்கமெல்லாம் ஓடுனா.

பதிமூணாம் நாள் நான் அடுப்படியில இருந்தேன். அபி நடுவீட்டுல சட்டையில்லாம காலை நீட்டி உக்காந்திருந்தா. ரேகா பேசுதது கேட்டுச்சு.

"எம்மா, அபி வளந்துட்டா என்ன?"

"ஆமா மக்கா."

"அபி காலு நல்லா மணக்கும்மா."

"சின்னப் பிள்ளைல்லா."

"இனிக்கிம்மா. ஒங்கையை விட இனிக்கி."

கரண்டியை வச்சிட்டு வந்து பாத்தேன். அபி கெண்டைக்கால்ல அஞ்சு உக்காந்திருந்துச்சு, முழங்கால்ல ரெண்டு, வயித்துல ஒண்ணு. வரி வரியா வெள்ளைக் கோடு போட்ட காலு, அந்தக் கொசுவை எனக்குத் தெரியாதா? எல்லாம் வயிறு சிவந்து கிடந்துச்சு. அபி அசையாம, அக்கா குடிக்கட்டும்னு, நான் சொல்லிக் குடுத்தாப்புலயே காலை நீட்டி வச்சிருந்தா.

அது எம்மக இல்லைன்னு சொன்னா எனக்கு லேசாப் போயிரும். ஆனா அது ரேகாதான். அபி மேல அவளுக்கு இருந்த பிரியமும் பொய்யில்லை, அதனாலதான் அவளைத் தேடிப் போனா. அந்தப் பசி மட்டும் எம்மக பசி இல்லை. அது அவளுக்கு முந்தி சுடலையாண்டிக்கும், சண்முகவடிவுக்கும் இருந்த பசி, தெரு முழுக்க நாங்க கையை நீட்டி நீட்டி வளத்த பசி.

அடிச்சேன். அபி காலு சிவக்க அடிச்சேன். ரெண்டு மாசமா எங்க தெருவுல யாரும் கேக்காத சத்தம், பட்டுன்னு வெளிய போயி எதிர்வீட்டுச் செவுத்துல அடிச்சுத் திரும்பி வந்துச்சு. கையில ரெத்தம். அது அபி ரெத்தமா, எனதா, யாருதுன்னு தெரியலை. செம்பைத் தூக்கி முத்தத்து மண்ணுல கவுத்தேன். கதவைச் சாத்துனேன். சன்னலைச் சாத்துனேன். பெறகு ஒவ்வொண்ணா அடிச்சேன்.

அவ பேசிக்கிட்டே இருந்தா. "எம்மா நான் பள்ளிக்கூடத்துக்குப் போவும்போது அபியையும் கூட்டிக்கிட்டுப் போறேம்மா"ன்னு, பழைய பேச்சு, சும்மா சும்மா கேப்பா. பதினேழு வாய்க்கும் பங்கு போட்ட பேச்சு அது, அடிக்க அடிக்கச் சொல்லு உதிந்துச்சு. "எம்மா நான் அபியையும் கூட்டிக்கிட்டுப் போறேம்மா." அடிச்சேன். "எம்மா அபியையும் கூட்டிக்கிட்டு." அடிச்சேன். "எம்மா அபியையும்." கண்ணு தெரியலை எனக்கு, தண்ணி மறைச்சுச்சு, சத்தத்தை வச்சே அடிச்சேன். கடைசியா ஒண்ணே ஒண்ணு மிஞ்சிச்சு. அது ஓடி ஒளியலை. என் காதோரமா வந்து, "எம்மா"ன்னுச்சு. ரொம்ப நேரம் அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. என் கன்னத்துல உக்காந்தப்போ என் கன்னத்திலேயே நான் அறைஞ்சேன்.

கதவைத் திறந்தா வாசல்ல தெருவே நின்னுச்சு. ஆவடைதான் முன்னால வந்து என் கையைப் பாத்தா, உள்ள எட்டி அபியைப் பாத்தா. வீட்டுக்குப் போயி செம்பை எடுத்துட்டு வந்து சாக்கடையில கவுத்தா. கவுத்துட்டு, "இவிய மோட்டாரு போட்டியான்னு கேட்டாவல்லா, அது போதும்"னா. ஒவ்வொரு வீடா செம்பு வெளிய வந்துச்சு. வராத வீட்டுக்கு நான் வடிகட்டியோட போனேன், வசவு வாங்குனேன், ஒருத்தி கையைக் கடிச்சா, கொட்டிட்டுத்தான் வந்தேன். மறுநாள் புகை மிஷினு வந்தப்போ எல்லாரும் கதவைத் திறந்து விட்டுட்டுத் தெருவுல உக்காந்துக்கிட்டாவ. புகைக்குள்ளருந்து பேருபேரா கூப்பிட்டுச்சு. ஆம்பளையளும் அழுதாவ.

செம்பைக் கவுத்த ஆறாம் நாள் அபிக்குக் காய்ச்சல் வந்துச்சு. அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு அடியில பாயை விரிச்சிட்டேன். காய்ச்சல் விட்ட அன்னைக்கு நான் சூடம் கொளுத்தலை. நர்சம்மா காலைக் கட்டிக்கிட்டு, இப்பத்தாம்மா பாக்கணும், இப்பத்தாம்மான்னு கத்துனேன். பைத்தியம்னு நெனைச்சிருப்பாவ, ஆனா குளுக்கோஸ் ஏத்துனாவ, ரெத்தத்தை ரெண்டு மணிக்கொருக்க எடுத்துப் பாத்தாவ. இருபத்திரெண்டாயிரத்துல நின்ன தட்டணு மூணாம் நாள் ஏறுச்சு. டாக்டரு சிரிச்சாரு. நான் அபிக்கு இட்லியைப் பிச்சு ஊட்டிக்கிட்டிருந்தேன், பிள்ளை நல்லாத் தின்னா.

"எம்மா"ன்னா.

"என்ன மக்கா?"

"அக்காவ ஏன் அடிச்ச?"

"ஒன்னையக் கடிச்சால்லா, அதான்."

வாயில இருந்த இட்லியை மென்னு முழுங்கிட்டு என் முகத்தையே பாத்தா.

"லேசாத்தானம்மா கடிச்சா"ன்னா.